தொண்டை சரியாகிவிட்டதா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். தொண்டை எப்படி இருக்கிறது? கடைசியாகப் பேசியபோது கட்டியிருந்தது. ஜலதோஷம் என்றாய். ஜலதோஷம் இவ்வளவு நாள் இழுக்காது. வெந்நீர் குடி. ஏசிக்கு நேராகத் தலை வைத்துப் படுக்காதே.

அதற்கப்புறம் நீ போன் செய்யவே இல்லை, எல்லாம் மெசேஜ்தான். எனக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டால் போதும், படித்துவிடுவேன். அம்மாவுக்கு அது போதவில்லை. தம்பியின் பிறந்தநாளுக்குக்கூட வாழ்த்தை எழுதித்தான் அனுப்பியிருந்தாய். அவன் எதையும் கவனிக்கிற ஆளில்லை. அவனே கேட்டான், அக்கா ஏன் இந்த வருஷம் பாடவில்லை என்று.

நீ அனுப்பிய படம் வந்தது. உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகி முதுகைக் காட்டி நிற்கிற படம். பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பெரியத்தையிடமும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரியத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்தார் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன். கோடையில் அனுப்பிய படத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போது தோளில் அத்தனை பரு இல்லை. வியர்வையோடு அதே பனியனில் இருக்கிறாயோ என்னவோ. பயிற்சி முடிந்ததும் குளித்துவிடு.

உன் அறையைச் சுத்தம் செய்யும்போது நீல நோட்டு கிடைத்தது. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். முதல் பக்கத்தில் ஸ்குவாட்டுக்கு, அதுதான் எடையோடு உட்கார்ந்து எழுவதற்கு, நேராக ‘பார் மட்டும்’ என்று எழுதியிருக்கிறாய். 20 கிலோ. அப்புறம் இரண்டு பக்கமும் 1.25 கிலோ வட்டு போட்டு 22.5. ஒரு இடத்தில் 40-லேயே பல வாரம் நிற்கிறது. வரிசையாக 40, 40, 40. ஓரத்தில் பென்சிலில், ‘குதிகால் தூக்குது, பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுக்கணும்’ என்று ஒரு குறிப்பு. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி 42.5, அதைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் முதுகுப் படத்தைப் பார்த்தபோதுகூட வரவில்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாயா?

அந்த நாட்களில் எனக்கே நீதான் பாடம் எடுத்தாய். முதல் சில வாரங்களில் எடை சரசரவென்று ஏறுவது தசை வளர்ந்ததால் இல்லை அப்பா, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்புகள் பழகுவதால்தான் என்றாய். கண்ணாடியில் தெரிகிற மாதிரி தசை வர மாதங்கள் ஆகும், தசையை எலும்போடு சேர்க்கிற தசைநாண் வலுப்பெற அதைவிட அதிக நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் தோள்மூட்டு போய்விடும் என்றாய். டிலார்ம் என்ற ராணுவ டாக்டரைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்தவர், எடை தூக்கித் தேறியவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, அதை 1945-ல் கட்டுரையாக எழுதினார் என்றாய். உன் முழங்கால் வலிக்கு டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னபோது அந்தக் கதையைச் சொல்லித்தான் அம்மாவிடம் வாதாடினாய். ஜெயித்தும்விட்டாய்.

புது கோச் வந்த பிறகு ‘ஏன்’ என்ற சொல்லே உன்னிடமிருந்து வருவதில்லை. ‘அவர் சொன்னார்’ என்கிறாய். சாப்பாடு அவர் சொன்னபடி, தூக்கம் அவர் சொன்னபடி, சத்துப் பொடி டப்பாக்களும் அவர் கொடுப்பவை. புரதம் உடம்பு எடையில் ஒரு கிலோவுக்குத் தினம் 1.6 கிராம் போதும், அதற்கு மேல் போனால் பெரிய லாபமில்லை என்று எனக்குச் சொன்னதே நீதான். எடை தூக்குகிறவர்கள் சாப்பிடும் கிரியேட்டின் பொடி என்றால் தினம் 3-லிருந்து 5 கிராம். இதுவும் நீ சொன்னதுதான். இந்த இரண்டையும் தவிர அந்த டப்பாக்களில் வேறென்ன இருக்கிறது? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. பழைய நோட்டில் ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். இப்போதும் எழுதுகிறாயா? எழுது. கோச் கொடுப்பதையும் பெயரோடு, அளவோடு எழுதிவை.

தூங்குகிறாயா? ஏழு மணி நேரமாவது தூங்கு.

உன் சுவரில் ஒட்டியிருக்கும், எடை தூக்குகிற அமெரிக்கப் பெண் ஆபி ஸ்டாக்டன் படம் அப்படியே இருக்கிறது, ஒரு மூலை மட்டும் பெயர்ந்திருந்தது, ஒட்டிவிட்டேன். பெண்கள் எடை தூக்கினால் கெட்டுப்போவார்கள் என்று எல்லோரும் சொன்ன காலத்தில், 1944-லிருந்து அவர் பத்திரிகையில் பெண்களுக்காகவே பயிற்சித் தொடர் எழுதினார். தசையை வளர்க்கிற டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கடைக்கு வந்தது 1958-ல். அந்தப் படம் அதற்கெல்லாம் முன்னால் எடுத்தது. கதை சொல்கிறேன் என்று நினைக்காதே. எங்கே வருகிறேன் என்று உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சரி, கொஞ்ச நாளாக நான் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததை எழுதுகிறேன், உன்னைப் பற்றி எழுதவில்லை. சத்துப் பொடி, மாத்திரை என்று விற்கிற சிலவற்றில், மேலே ஒட்டிய காகிதத்தில் இல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனையில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிடுகிறவருக்கே தெரியாது. இப்படியும் நடக்கும் என்பதால்தான் சொல்கிறேன். இன்னொரு பக்கம், தெரிந்தே கொடுப்பதும் உண்டு. ஆக்ஸாண்ட்ரோலோன் என்று ஒன்று. இது ரொம்ப சாது, பெண்களுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் கொடுப்பார்களாம். ஆண் ஹார்மோன் வேலையைச் செய்கிற எந்த மருந்தும் பெண் உடம்பில் சாதுவாக இருக்காது. பரு வரும், முகத்தில் முடி வளரும், கெட்ட கொழுப்பு ஏறி நல்ல கொழுப்பு இறங்கும். மாத்திரையாக விழுங்குவது கல்லீரலையும் பாதிக்கும். நிறுத்தினால் இவற்றில் பல மெல்ல மெல்ல அடங்கும். குரல் மட்டும் அப்படி இல்லை, பாப்பா. குரல் நாண் தடித்துவிட்டால், மருந்தை விட்ட பிறகும் பழைய குரல் பெரும்பாலும் திரும்பாது. ஆரம்பத்திலேயே விட்டால் மேலும் இறங்காமல் தடுக்கலாம். தொண்டை கட்டின மாதிரி கரகரப்பாகத்தான் ஆரம்பிக்குமாம்.

அதனால்தான் தொண்டை, தொண்டை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று தெரியும். மேடையில் உன் பக்கத்தில் நிற்கப் போகிறவள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரட்டும். அவளோடு ஒப்பிட்டு உனக்கு அவசரம் வந்திருக்கும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் நாலாவதாக வந்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தவள் நீ. ஆனால் மறு வருஷம் பயிற்சிக்குப் போனதும் நீதான். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மாவைக் கேட்டால் என்னைக் கைகாட்டுவாள்.

ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள். ஹார்மோன், கல்லீரல், கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல். முன்னாலேயே ஹார்மோன் டாக்டரைப் பார்த்துவிட்டால் எதை எதைப் பார்க்கலாம் என்று அவரே எழுதிக்கொடுப்பார். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுக் குரல் நாணைப் பார்த்துவிடுவார், சில நிமிட வேலைதான். டாக்டரிடம் டப்பாக்களைக் கொண்டுபோய்க் காட்டு, எதையும் ஒளிக்காதே. எங்களிடம் ஒளித்தாலும் பரவாயில்லை. இல்லை, பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், அது பொய். ஆனாலும் டாக்டரிடம் முதலில் சொல். அதுவரை அந்த டப்பாக்களைத் தொடாதே.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். அதை நான் கேட்கப் போவதில்லை, அவளிடம் நீயே பேசிக்கொள். போட்டிக்காகச் சாப்பாட்டை ரொம்பக் குறைத்தாலும் அது தள்ளிப்போகும், தொடர்ந்து நின்றுபோனால் எலும்பைப் பாதிக்கும் என்று மட்டும் படித்தேன். அதனால் பதில் எதுவாக இருந்தாலும் அவளிடம் சொல்.

மாடி அறை விஷயம் முடிந்துவிட்டது. சித்தப்பா ஒத்துக்கொண்டார். விவரம் நேரில்.

புது கோச்சை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேள். இது என்ன, எவ்வளவு, எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும். பதில் சொல்லத் தெரியாதவரிடமும், பதில் சொல்ல விரும்பாதவரிடமும் உடம்பைக் கொடுக்கிற ஆள் நீ இல்லை. முழங்காலுக்குப் பெரிய டாக்டரையே எதிர்த்துப் பேசினவள்தானே.

நீல நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். பின்பக்கத்தில் நிறைய தாள் காலியாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வீட்டில்தான் இருப்போம். மெசேஜ் வேண்டாம், போன் செய். குரல் எப்படி இருந்தாலும் செய். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். தம்பியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்குப் பேச முடியாவிட்டால் திங்கட்கிழமை. டாக்டரிடம் எந்தத் தேதி கிடைத்தது என்பதை மட்டும் முதலில் சொல், நான் டிக்கெட் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா