தொடையில் போட்ட வட்டம் அழிவதற்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணனின் கேஸ் ஷீட் உங்கள் மேசைக்கு இரண்டு முறை வந்து போனது. அதனால் எண்ணூர் விரைவுச் சாலை, கன்டெய்னர் லாரி, முழங்காலுக்குக் கீழே வெளியே தெரியும் எலும்பு என்று மறுபடி ஆரம்பிக்கவில்லை. ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் தேதி மூன்றாவது முறையும் தள்ளிப்போனதால் எழுதுகிறேன்.

அந்த எலும்பை மூடத் தொடைத் தோலை ரத்தக் குழாயோடு எடுத்து ஒட்ட வேண்டும். அதற்காகப் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மா இடுப்பெலும்பு முனையிலிருந்து முட்டிச் சில்லின் வெளியோரம் வரை கோடு போட்டு, அதன் நடுவில் ஒரு வட்டம் வரைந்தார். ஜெல்லி தடவி, ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் காட்டும் பேனா மாதிரிக் கருவியான டாப்ளரை வைத்ததும் 'விஷ்... விஷ்' என்று சத்தம். "குழாய் இங்கதான் மேல வருது. ஆனா உள்ள எந்த வழியா வருதுன்னு இது சொல்லாது" என்றார். பலருக்கு அது தசையைத் துளைத்து வருமாம், சிலருக்கு இரண்டு தசைகளுக்கு இடையே. அபூர்வமாகச் சிலருக்கு அந்தப் பக்கத்தில் உருப்படியான குழாயே இருக்காதாம். டாப்ளரை மட்டும் நம்பிச் செய்கிறவர்களும் உண்டுதான். ஆனால் நசுங்கிய காலில் எந்தக் குழாயில் ரத்தம் ஓடுகிறது, தொடைத் தோலைக் கொண்டுபோய் எதில் இணைப்பது என்பதற்கும் அந்த ஸ்கேன் படம் வேண்டும்.

வட்டம் அழிந்துவிடும் என்று அண்ணி அந்தத் தொடையில் ஈரத்துணி படவிடுவதில்லை. உடம்பெல்லாம் துடைத்துவிட்டு, அங்கே மட்டும் சுற்றிப் போகிறார். அப்படியும் வேர்வையில் பாதி போய்விட்டது. போன செவ்வாய் பால்பாயின்ட் பேனாவால் மேலேயே வரைந்தார். மூன்று முறையும் சாயம் ஏற்றி எடுக்கும் அந்த ஸ்கேனுக்கென்று வெறும் வயிற்றோடு ஸ்ட்ரெச்சரில் காத்திருந்து, "மெஷின் ரிப்பேர்" என்று கேட்டுத் திரும்பினோம்.

1984-லேயே சீன மருத்துவர்கள் எழுதிவைத்த தொடைத் தோல் முறை இது. புதுசாக எதையும் கேட்கவில்லை, ஸ்கேன் தேதிதான் கேட்கிறோம். வெளியே எடுத்து வாருங்கள் என்கிறார்கள். எந்தக் காசில்? எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரிக்கு ராத்திரி பகல் ஓய்வில்லை. ஓய்வெல்லாம் உங்கள் மெஷினுக்குத்தான். பாவம், அதற்கும் வயசாகியிருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பகலாகப் பார்க்கும் நர்ஸம்மாக்கள் மீது எந்தக் குறையும் இல்லை. ஒட்டுத் தோல் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கு முதலில் ஸ்கேன் தேதி கொடுங்கள். மெஷின் ஓடாவிட்டால், உங்கள் ஆம்புலன்ஸிலேயே வேறு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி எடுத்துத் தாருங்கள். எலும்பு திறந்தே கிடந்தால் கிருமி ஏறும் என்று சொன்னதும் உங்கள் டாக்டர்கள்தான். தயவுசெய்து தேதி சொல்லுங்கள். அண்ணன் வெறும் வயிற்றோடு தயாராக இருப்பார், பழகிவிட்டது.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி