மாடியை விட்டு இறங்கி வா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இதய ஸ்கேன் முடிந்து நான்கு நாளாகியும், ஊசியில் ஏற்றிய கதிரியக்கம் பேத்தியைத் தாக்கிவிடுமோ என்ற பயத்தில் அவளைத் தொடாமல் மாடி அறையிலேயே அடைந்து கிடக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். போன வருஷம் நானும் இதே கூத்தை அடித்தவன்தான்.

உனக்கு ஏற்றியது டெக்னீஷியம் என்ற கதிரியக்க மருந்து என்று எழுதியிருக்கிறாய். அதன் கதிரியக்க வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக இறங்கும். கணக்குப் போட்டுப் பார், 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். அதிலும் ஒரு பகுதி சிறுநீரோடும் மலத்தோடும் போய்விடும். அதற்காகத்தான் அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடி, அடக்கி வைக்காமல் போய்விட்டு வா, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்கிறார்கள். (தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கும் இதய நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.) கைக்குழந்தை, கர்ப்பிணி பக்கத்தில் நெடுநேரம் ஒட்டி உட்காராமல் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒருநாள் பொழுதுக்குத்தான். நீ இறங்கி வந்து பேத்தியைத் தூக்கு.

இதே ஸ்கேனுக்குப் போடும் இன்னொரு கதிரியக்க மருந்தான தாலியம் ஏற்றியிருந்தால் கதை வேறு. அது பாதியாவதற்கே மூன்று நாள் பிடிக்கும். வாரக்கணக்கில் ஆனபிறகும் விமான நிலையத்துக் கதிர்வீச்சுக் கருவி கத்தக்கூடும். பயணம் இருந்தால் ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

நான் உண்மையில் கோட்டைவிட்டது மாத்திரையில். டெஸ்ட்டுக்கு முன்னால் பீட்டா பிளாக்கரை, அதாவது இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையை, நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். மறுபடி எப்போது போடுவது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டெஸ்ட்டுக்காக விட்டிருந்த காபியை மட்டும் வெளியே வந்த கையோடு மறக்காமல் குடித்தேன், பார்! மூன்றாம் நாள் ராத்திரி படியேறும்போது நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. உட்கார்ந்து மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், காலியாகியிருக்க வேண்டிய குழிகளெல்லாம் பிதுக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அந்த மருந்தைத் திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும், நெஞ்சுவலிகூட வரும் என்று மறுநாள் டாக்டர் திட்டியபோதுதான் தெரிந்தது. ஸ்கேனுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாள் நிறைய எழுதித் தருகிறார்கள். பிறகு என்ன செய்வது என்பதை நாம்தான் மேஜையை விட்டு இறங்குமுன் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தங்கச்சிக்கு சி.டி. ஆஞ்சியோ, அதாவது இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேன், என்று எழுதியிருக்கிறாய். அதில் ஏற்றுவது அயோடின் கலந்த சாயம், கதிரியக்கம் ஊசியில் இல்லை. அவருக்குச் சர்க்கரை உண்டே, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறாரா? சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் 48 மணி நேரம் அதை நிறுத்திவைத்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வார்கள். இதை முன்கூட்டியே பேசிவிடு. ரத்தக் குழாய் விரிய நாக்குக்கடியில் மருந்து கொடுத்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும், எழுந்திருக்கும்போது அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும், ஏன், ஒன்றிரண்டு நாள் கழித்தும்கூடத் தடிப்பு, அரிப்பு வரலாம். வந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ.

உன் ரிப்போர்ட்டில் 'கீழ்ச்சுவரில் லேசான ரிவர்சிபிள் டிஃபெக்ட்' என்று இருப்பதைப் படித்துவிட்டுத் தூக்கம் போச்சு என்கிறாய். உழைக்கும்போது இதயத்தின் அந்த இடத்துக்கு ரத்தம் குறைகிறது, ஓய்வில் சரியாகிவிடுகிறது, தசை உயிரோடுதான் இருக்கிறது என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். ஆண்களுக்கு உதரவிதானத்தின் நிழல் விழுந்து கீழ்ச்சுவர் மங்கலாகத் தெரிவதும் உண்டு. உனக்கு எது என்பதை ஈ.சி.ஜி.யையும் பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. அதற்குள் நெஞ்சை அழுத்தினால் அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று காத்திருக்காதே.

உனக்கும் ஏதாவது மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதை மடித்து வைத்துவிட்டு முதலில் அட்டையை எடுத்துப் பார். அப்படி ஏதாவது விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டுக் கேள்.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்