காரைக்குடி பேண்டுக் குழுவுக்குப் பயிற்சி இடம் கேட்டு மனு

சிவகங்கை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளாரினெட், ட்ரம்பெட், சாக்ஸபோன், யூஃபோனியம், டிரம் எல்லாம் சேர்ந்த பேண்டு எங்களுடையது. பேண்டு செட்டு என்றாலே மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு போகிறவர்கள் என்றுதான் நினைக்கிறார்கள். அதையும் வாசிக்கிறோம், எங்களுக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால் கொப்புடையம்மன் கோயில் திருவிழாவில் மேடை கிடைத்தபோது வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடா என்கிற சின்னப் பாட்டுகள் என்று முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தோம், கூட்டம் கலையவில்லை. இந்தக் கச்சேரி முறையை நிலைபெறச் செய்த பாடகர் ராமானுஜ ஐயங்கார் பக்கத்து அரியக்குடியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அதில் தனிப் பெருமை.

ட்ரம்பெட்டில் இருப்பது மூன்றே வால்வுதான். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் வாசிக்கிற கமகத்தை உதட்டாலும் மூச்சாலும்தான் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். ஆங்கிலேயர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு வரிகள் எழுதிய நோட்டுஸ்வரங்களை, இப்போது இவர்கள் பேண்டிலேயே வாசிக்கிறார்கள். கிளாரினெட்டில் கர்நாடக இசை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதை எங்கள் மூத்த கிளாரினெட் கலைஞர் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார். எங்களிடம் காசு கொடுக்காமல் பழகிய சிலர் இன்றைக்குக் காவல்துறை பேண்டில் வேலை பார்க்கிறார்கள்.

இப்போது பிரச்சினை இடம்தான். இவ்வளவு நாளும் ஒரு பழைய செட்டியார் வீட்டுப் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், பழகினோம், அந்த வீடு கைமாறி ஹோட்டலாகிறது, அவர்களையும் குறை சொல்ல முடியாது. தெருவில் பழகலாம் என்றால் பரீட்சைக்குப் படிக்கிற வீட்டில் சத்தம் போடுகிறார்கள், அதுவும் நியாயம்தான். தனித்தனியாக அவரவர் வீட்டில் பழகிவிட்டு மேடையில் சேர்ந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் ஊத ஊத வாத்தியம் சூடேறிச் சுருதி ஏறும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு ஏறும், எல்லாரும் ஒன்றாக நின்று ஊதிப் பழகினால்தான் ஒருவர் சுருதியோடு இன்னொருவர் சேர முடியும்.

அதனால், மாநகராட்சிக் கட்டடம் ஒன்றிலோ அரசுப் பள்ளி ஒன்றிலோ சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு கூடம் ஒதுக்கித் தாருங்கள். கரண்டு பில்லை நாங்கள் கட்டுகிறோம், பெருக்கிப் பூட்டிச் சாவியையும் ஒப்படைத்துவிடுகிறோம். அப்புறம், மாவட்டக் கலை மன்றம் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை விருது கொடுக்கிறதே, அந்தத் தேர்வில் பேண்டுக் கலைஞர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் மூத்த கிளாரினெட் கலைஞருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அவர் பெயர் இதுவரை எந்த மேடையிலும் அழைக்கப்பட்டதில்லை. இசைக்கருவி வாங்க அரசு தரும் நிதியுதவிக்கு நாங்கள் எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் உங்கள் அலுவலகம் சொன்னால் உதவியாக இருக்கும், கிளாரினெட்டில் துளைகளை மூடுகிற பேடுகள் தேய்ந்து காற்று கசிகிறது.

நிகழ்ச்சிப் படங்களும் உறுப்பினர் பட்டியலும் இணைத்திருக்கிறோம். எப்போது கூப்பிட்டாலும் வந்து வாசித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
பேண்டுக் குழுவினர்,
காரைக்குடி