ஐஸ் மழைக்கு முன் தமிழில் ஒரு பக்கம் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குளிர்காலம் வரப்போகிறது. இந்த முறை ஐஸ் மழைக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஸ்னோ எவ்வளவு கொட்டினாலும் வழித்துத் தள்ளிவிடலாம், ஐஸ் மழை பட்ட இடத்திலேயே உறைந்து ஒட்டிக்கொள்ளும். பாரம் தாங்காமல் மரக்கொப்பு முறிந்து வயரில் விழும், கரண்ட் போய்விடும். 2013இல் நத்தாருக்கு மூன்று நாள் இருக்க ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் போயின, ஸ்காபரோவில் எங்கள் சனம் பலர் நத்தார் கழிந்தும் குளிருக்குள் இருந்தார்கள். 1998 ஜனவரியில் கியூபெக்கில் இரும்புக் கோபுரங்களே மடிந்து விழுந்து, சில இடங்களில் கரண்ட் வர ஒரு மாதமானது.

"எங்களுடையது காஸ்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் காஸில் எரிந்தாலும் அதன் ஃபேன் சுற்றக் கரண்ட் வேண்டும். வீடு குளிர்ந்த பிறகுதான் ஆபத்தே தொடங்குகிறது: பார்பிக்யூ அடுப்பை உள்ளே கொண்டுவருவது, கராஜுக்குள் ஜெனரேட்டர் போடுவது, சூட்டுக்காகக் காஸ் அடுப்பை எரியவிடுவது. இவற்றிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, சத்தி, தூக்கக் கலக்கம் என்று வந்து ஆளை எழும்பவே விடாது. 1998லும் 2013லும் இப்படி உயிர்கள் போயின. கராஜ் கதவைத் திறந்துவைத்தாலும் போதாது, ஜெனரேட்டர் வெளியே, யன்னல்களுக்குத் தள்ளித்தான் இருக்க வேண்டும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், அங்கே படுக்கும் அறைக்குப் பக்கத்தில் பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். காஸ் ஃபேர்னஸ் உள்ள வீடுகளில் அலாரம் வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம்.

இன்னொன்று. தெரு வயர் வீட்டுச் சுவருக்கு வந்து சேரும் இடத்தில் ஒரு குழாய் நிற்குமே, அதைக் கொப்பு இழுத்து முறித்துவிட்டால் திருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்யும்வரை இணைப்புத் தரமாட்டார்கள், தெரு முழுக்க வெளிச்சம் வந்தாலும் அந்த வீடு இருட்டில்தான் கிடக்கும். கொப்புகளை இப்போதே ஆள் பிடித்து வெட்டுவியுங்கள், வயரைத் தொடும் கொப்பில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

ஃபோனுக்கு வரும் அவசர அறிவிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் வருகிறது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியே இருக்கும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் அதில் சத்தம் மட்டும்தான் கேட்கும், விஷயம் போய்ச் சேராது. அதனால் பெரிய எழுத்தில், ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிற மாதிரிப் போடுங்கள்: வீட்டுக்குள் நெருப்பு மூட்ட வேண்டாம், தலை சுற்றினால் உடனே வெளியே போய் 911ஐ அழையுங்கள், விழுந்த வயருக்கு 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள், இன்சுலினை உறையவிடாதீர்கள். போய்த் தங்கச் சூடான இடம் எங்கே என்று 211 என்ற உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம் என்பதையும் சேருங்கள், அது பலருக்குத் தெரியாது.

டிசம்பருக்கு முன் பக்கம் வந்தால், எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகி