செத்த ஆட்ட அறுக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். போன வாரம் பக்கத்து தோட்டத்துல ஒரு செம்மறி, காலைல நல்லா மேஞ்சது சாயங்காலம் செத்து கிடக்கு, மூக்குல ஒழுகுன ரத்தம் கருப்பா, உறையவே இல்ல. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் நோயா இருக்கும்யான்னு நான் சொல்றதுக்குள்ள ஒருத்தர் தோல உரிக்க கத்தியோட வந்துட்டாரு! அறுத்தா அந்த நோயோட பாக்டீரியா காத்து பட்டு விதை மாதிரி இறுகி மண்ணுல பல வருஷம் கிடக்கும், மனுஷனுக்கும் தொத்தும். டாக்டருக்கு டெஸ்ட் பண்ண காதுல ஒரு சொட்டு ரத்தம் போதும், அப்புறம் 6 அடி குழில சுண்ணாம்பு போட்டு முழுசா புதைக்கணும். தடுப்பூசி மழைக்கு முன்னாடி போடணும், எங்க ஊர்ல கேம்ப் வர்றது மழை முடிஞ்சப்புறம் தான்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கிற ஒரு வாசகர்