மானோ பாலத்துக்குப் போகும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கோடை முழுக்க பிரிஸ்டலில் பேரனோடு இருக்கப்போகிறாய் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாள் கிடைத்தால் செவர்ன் ஆற்றைத் தாண்டி வேல்ஸுக்குள் போ. மான்மத் ஊரைப் பார்.

மான்மத்தில் ரயில் நிலையம் கிடையாது. மகனை செப்ஸ்டோ வழியாக வண்டி ஓட்டச் சொல். அங்கிருந்து ஏ466 சாலை வை ஆற்றை ஒட்டியே மேலே போகும். ஊரின் மேற்கு விளிம்பில் மானோ என்ற சின்ன ஆறு ஓடுகிறது. அதன் மேல் மூன்று வளைவுகள் கொண்ட செம்மணற்கல் பாலம், பாலத்தின் நடுவிலேயே ஒரு வாசல் கோபுரம். ஆற்றுப்பாலத்தின் மேலேயே கோபுரம் நிற்பது பிரிட்டனில் இப்போது இது ஒன்றுதான். 2004இல் வண்டிகளுக்குப் புதுப்பாலம் வந்துவிட்டதால், பழையதில் நிதானமாக நடக்கலாம்.

மேலே நடந்துவிட்டு மட்டும் திரும்பிவிடாதே. கரைக்கு இறங்கி வளைவுகளின் அடிப்பக்கத்தைப் பார். வயிற்றுப்பகுதியில் விலா எலும்புபோல் துருத்தி ஓடும் கல்வரிகள் இருக்கின்றனவே, அவை 13ஆம் நூற்றாண்டு வேலை. 1830களில் பாலத்தை இருபுறமும் அகலப்படுத்தினார்கள். ஓரத்தில் அந்த வரிகள் இருக்காது. ஒரே வளைவுக்குள் இரண்டு காலத்துக் கொத்தர்களையும் பிரித்துக் காணலாம். தூண்களின் கூர்முனை வெள்ளத்தைக் கிழித்து இரு பக்கமும் தள்ளுவதற்காக. 1988இல் வெள்ளத்தடுப்பு வேலைக்குத் தோண்டியபோது கீழே பழைய மரப்பாலத்தின் கட்டைகள் அகப்பட்டன. மரவளையங்களைக் கொண்டு அவை 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்தார்கள். ஆகவே இந்தக் கல்பாலம் இரண்டாவது பாலம்.

கோபுரத்தை ஊருக்கு வெளிப்புறமாக, அதாவது மேற்கே நின்று பார்க்க வேண்டும். வாசலுக்கு மேலே துருத்தி நிற்கும் மூன்று வளைவுகளின் அடியில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். வாசலை முட்டுகிறவன் தலையில் மேலிருந்து கல் போடுவதற்கு. வாசலுக்குள் சுவரில் செங்குத்தான பள்ளம் தெரியும். மேலிருந்து இறங்கும் கதவு அதில்தான் ஓடியது. கதவு இப்போது இல்லை. இருபுறமும் உள்ள நடைவழிகள் 19ஆம் நூற்றாண்டில் குடைந்தவை, அவற்றைப் பழைய அமைப்பு என்று எண்ணிவிடாதே.

இத்தனை காவல் இருந்தும் போர் என்று வந்தால் இந்தக் கோபுரத்தால் பெரிய பயன் இல்லை. மானோ ஆழமில்லாத ஆறு. கொஞ்சம் மேலே போய் இறங்கினால் நடந்தே கடந்துவிடலாம். எதிரி எதற்காக வாசலை வந்து முட்டுவான்? ஆனால் சந்தைக்கு வருகிற வண்டியும் மாடும் பாலத்தை விட்டு வேறெங்கும் போக முடியாது. மதில் கட்டும் செலவுக்காக ஊருக்குள் வரும் சரக்கின் மேல் வரி வசூலிக்க 1297இலும் 1315இலும் அரச அனுமதி கிடைத்தது. அதைப் படித்த பிறகு எனக்கு இது முதலில் சுங்கச்சாவடி, அப்புறம்தான் கோட்டை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே குடியிருக்கும் வீடாகவும் மாற்றினார்கள். 1839இல், எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத் தொழிலாளர் கிளர்ச்சியின்போது கோபுரத்துக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் ஃப்ராஸ்டுக்கு 1840இல் மரணதண்டனை விதித்ததும் இதே ஊரின் ஷயர் ஹால் நீதிமன்றத்தில்தான். பிறகு அதை நாடுகடத்தலாகக் குறைத்தார்கள்.

உண்மையான போர்க்கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றோடு மேலே போ. ஸ்கென்ஃப்ரித், க்ராஸ்மான்ட், வெண்கோட்டை ஆகிய மூன்று கோட்டைகளையும் 1201இல் ஜான் மன்னர் ஹ்யூபர்ட் டி பர்க்குக்குக் கொடுத்தார். ஹெரிஃபர்டிலிருந்து வேல்ஸுக்குப் போகும் வழியை மூன்றும் சேர்ந்து அடைத்து நின்றன. மூன்றையும் சுற்றும் நடைபாதை 19 மைல். உன் முட்டிக்கு வேண்டாம், காரிலேயே போ. சாலை ஒடுங்கியது, எதிரே டிராக்டர் வந்தால் பின்னுக்கு எடுக்க வேண்டியிருக்கும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஸ்கென்ஃப்ரித் போ. சமதரை, ஆற்றங்கரை, நடுவில் வட்டக் கோபுரம், கட்டணமும் இல்லை. பக்கத்துத் தேவாலயத்தில் 15ஆம் நூற்றாண்டுப் பூத்தையல் அங்கி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது, அதைத் தவறவிடாதே.

பேரனுக்கு ராக்லன் கோட்டைதான் பிடிக்கும். அகழிக்கு நடுவே நிற்கும் அறுகோணப் பெருங்கோபுரத்தின் ஒரு பக்கம் பிளந்து கிடக்கும். 1646இல் கோட்டை சரணடைந்த பின், மன்னரை எதிர்த்துப் போரிட்ட பாராளுமன்றப் படை கோபுரத்தை மேலிருந்து கடப்பாரையால் இடித்துப் பார்த்தது, ஆகவில்லை. அடிச்சுவரைக் குடைந்து, மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, பிறகு கட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். ஆறு பக்கங்களில் இரண்டு மொத்தமாகச் சரிந்தன. எஞ்சிய சுவரின் கனத்தை அந்தப் பிளவில்தான் நேரில் பார்க்கலாம்.

டின்டர்ன் மடம் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. 1131இல் நிறுவினார்கள்; இப்போது நிற்கும் பெரிய தேவாலயம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. 1536இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடியதும் கூரையின் ஈயத்தைக் கழற்றிக்கொண்டார்கள், கூரை போனது. பராமரிப்பு வேலைக்காக உள்ளே அடைத்திருக்கலாம், கிளம்புமுன் கேட்டுக்கொள். நேரம் மிஞ்சினால் செப்ஸ்டோ கோட்டையில் பழைய மரக்கதவைப் பார். 1190களுக்குப் பிந்தியதல்ல, ஐரோப்பாவிலேயே மிகப் பழைய கோட்டைக் கதவு என்கிறார்கள்.

மழைக்குப் பிறகு மானோ கரை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள். பாலத்தடி விலாவரிகளைப் பக்கத்திலிருந்து படம் எடுத்து அனுப்பு. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ரகு