எட்டு வாரம் என்னைத் தாங்கியவர்களுக்கு

எங்கள் குடியிருப்புக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

படி முடிந்துவிட்டது என்று காலை வைத்தேன், இன்னொரு படி இருந்தது. சுளுக்குத்தான் என்று தைலத்தோடு ஓடிவந்தவர்களைத் தடுத்து, "முதல்ல எக்ஸ்ரே" என்று ஆட்டோவைக் கூப்பிட்ட கீழ்வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. சுண்டுவிரலை ஒட்டி ஓடும் நீள எலும்பு அடிப்பக்கம் உடைந்திருந்தது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் சேரும், காலை ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். ஜோன்ஸ் முறிவு என்று பெயராம். 1902இல் அதைப் பற்றி எழுதிய ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவருக்கே நடனமாடும்போது உடைந்ததாம். எனக்குப் பால் பாக்கெட் வாங்கப் போனபோது!

குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி தந்த மாமாவையும், கட்டு நனையாமல் பாலித்தீன் பையைச் சுற்றிவிட்ட அவர் பேரனையும் மறக்க மாட்டேன். பெட்டிக்கடை அண்ணாச்சி, உங்கள்மேல் அப்போது கோபம்தான். சிகரெட் பிடித்தால் எலும்பு சேரத் தாமதமாகும் என்று எப்படியோ தெரிந்துகொண்டு, காசு நீட்டியும் கடலைமிட்டாய்தான் கொடுத்தனுப்பினீர்கள்.

கட்டுப் பிரித்த அன்று எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். கெண்டைக்கால் சூம்பி, தோல் செதில்செதிலாக உரிந்து, காலைத் தொங்கவிட்டால் நாவல்பழ நிறம். மறுபடி உடைந்துவிட்டதோ என்று நடுங்கினேன். "அசையாம இருந்த கால் சார், அப்படித்தான் இருக்கும். தலையணைமேல தூக்கி வையுங்க" என்ற பிசியோதெரபித் தம்பிதான் மாடிப்படி ஏறவும் கற்றுக்கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். முதல் நாள் பதினெட்டுப் படிக்கு இருபது நிமிடம். பின்னாலேயே ஒவ்வொரு படியாக வந்த வாட்ச்மேன் ஐயா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பெரிய உதவி.

மூன்று மாதம் ஆகிறது. சாயங்காலமானால் பாதம் இன்னும் வீங்குகிறது, செருப்பு வார் பதிந்துவிடுகிறது. சில மாதம் இப்படி இருக்குமாம். ஆகவே "இன்னுமா சரியாகலை?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றாம் மாடிப் பாட்டி, உங்கள் ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. புதிது மாட்டி, ஞாயிற்றுக்கிழமை நானே மேலே ஏறிவந்து தருகிறேன்.

அன்புடன்,
முதல் மாடிக்காரன்